ஹென்றி பிளாக்லர்

ஹென்றி மொரிசன் பிளாக்லர் (ஜனவரி 2, 1830 – மே 20, 1913) ஓர் அமெரிக்கத் தொழிலதிபர். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். புளோரிடாவின் கிழக்குக் கரையில் விடுதிகளும் தொடர்வண்டிப் பாதையும் அமைத்து, நிலவணிகத்தைப் பெருக்கியவர்.

உப்புத் தொழிலில் இழப்பு

நியூயார்க் மாநிலத்தின் ஹோப்வெல்லில் பிறந்த பிளாக்லர், 14 ஆம் அகவையில் பள்ளியை விட்டு ஒகையோ சென்று உறவினரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தானிய வணிகத்தில் ஈட்டிய பணத்துடன் 1862 இல் மிச்சிகனின் சாகினாவில் மைத்துனருடன் சேர்ந்து உப்பு நிறுவனம் தொடங்கினார். உள்நாட்டுப் போரால் உப்புக்குத் தேவை மிகுந்திருந்தது. மாநில அரசின் வரிச்சலுகையும் கிடைத்தது. ஆனால் அத்தொழிலின் நுட்பம் எதுவும் அவர் அறிந்ததில்லை. 1865 இல் போர் முடிந்து விலை சரியவே நிறுவனம் முறிந்தது. முதலீடு செய்த 50,000 டாலர் போனதோடு, மேலும் 50,000 டாலர் கடனும் சேர்ந்தது.

எண்ணெய்த் தொழில்

கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்த பிளாக்லர், 1867 இல் ஜான் ராக்பெல்லரின் பங்காளியானார். உறவினர் ஸ்டீபன் ஹார்க்னஸ் இட்ட முதலே இதற்கு வழி செய்தது. 1870 இல் ஸ்டாண்டர்ட் ஆயில் உருவானது. தொடர்வண்டி நிறுவனங்களுடன் சரக்குக் கட்டணம் பேசுவது பெரும்பாலும் இவர் பொறுப்பாக இருந்தது.

புளோரிடா

நோயுற்ற மனைவியுடன் 1878 இல் முதன்முறை புளோரிடா சென்றார். மனைவி 1881 இல் இறந்தார். மறுமணத்திற்குப் பின் செயின்ட் அகஸ்டின் நகரில் இவர் கட்டிய போன்ஸ் டி லியோன் விடுதி 1888 இல் திறக்கப்பட்டது. செல்வந்தர் தங்க விடுதி எழும்பினாலும் அவர்கள் வந்துசேர நல்ல பாதை இல்லை. குறுகிய பாதையுடன் இயங்கிய உள்ளூர்த் தொடர்வண்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதனை அகலப்படுத்தினார். உப்பின் விலை இவர் கையில் இருக்கவில்லை. இங்கோ பாதை, விடுதி, நிலம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. பாதை அமைத்ததற்கு ஈடாக மாநில அரசு வழங்கிய நிலங்களை விற்க 1896 இல் தனி நிறுவனமே தொடங்கினார்.

1894–95 குளிர்காலத்தின் கடும் உறைபனி வடக்கிலிருந்த ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது. தெற்கே நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில் தம் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க, பாதை 1896 இல் மியாமியை அடைந்தது. அவ்வூருக்குத் தம் பெயரிட வேண்டாம் என அவரே மறுத்ததாகக் கூறுவர்.

கடல் மேல் பாதை

கீ வெஸ்ட் தீவு வரையிலான பணி 1905 இல் தொடங்கியது. 1906 இன் சூறாவளியில் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. 1912 சனவரியில் முதல் வண்டி தீவை அடைந்தபோது இவருக்கு அகவை 82. அடுத்த ஆண்டு பாம் பீச் மாளிகையின் படிக்கட்டில் விழுந்து, பின்னர் இறந்தார். 1935 சூறாவளியில் அப்பாதை சிதைந்தது. எஞ்சிய பாலங்களின் மீது பின்னர் நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது.