குடிமை கற்பித்த பேராசான் மு.வ.

பாலாற்றங்கரை மண் தமிழுக்கு அளித்த கொடைகளுள் பேராசிரியர் மு. வரதராசனார் தலையாயவர். நாவலாசிரியர், உரையாசிரியர், மொழியியல் அறிஞர், துணைவேந்தர் என அவரைப் பலவாறாக நாம் போற்றி வந்துள்ளோம். ஆயினும் அவர் ஆற்றிய பணி ஒன்று போதிய அளவு பேசப்படவில்லை. அரசு என்பது யாது, குடிமகன் யார், நீதி எங்கே பிறக்கிறது என்னும் வினாக்களுக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் தானே படித்து விடை காணும் தமிழை அவர் ஆக்கித் தந்தார். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் அந்தப் பணியை நினைவுகூர்வது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

வேலமும் திருப்பத்தூரும்

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் முனுசாமி முதலியார், அம்மாக்கண்ணு இணையர்க்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். ஆயினும் வரதராசன் என்னும் பெயரே நிலைத்தது. வாலாசாவை அடுத்த வேலம் அவர்தம் குடும்பத்து ஊர். இளமைப் பருவம் அவ்வூரிலும் திருப்பத்தூரிலும் கழிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வேலம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், திருப்பத்தூர் தன் பெயரால் அமைந்த மாவட்டத்திலும், நம் அணைக்கட்டு வேலூர் மாவட்டத்திலும் அமைந்தன. எல்லைகள் மாறினும் மூன்றையும் இணைப்பது பாலாற்றுப் படுகை ஒன்றே.

1928இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த இளைஞர், திருப்பத்தூர் தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஊர்மக்கள் நேரில் கண்ட அரசு அந்தத் தாலுக்கா அலுவலகந்தான். நிலவரிக் கணக்கும், பட்டாவும், மனுவும் அங்கேதான் கைமாறின. எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவன்முன் கைகட்டி நின்ற இடமும் அதுவே. பதினாறு, பதினேழு வயதில் அத்தகைய மேசை ஒன்றின் பின்னால் அமர்ந்தவர் மு.வ. பிற்காலத்தில் அவர் கயமை என்னும் நாவலை எழுதியதையும், சிறுவர்க்குப் படியாதவர் படும் பாடு என ஒரு நூல் தந்ததையும் எண்ணும்போது, அந்த அலுவலக வாழ்வு வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது.

உடல்நலம் குன்றியதால் அவ்வேலையை விட்டார். அந்த நலிவே தமிழுக்கு ஆக்கமாயிற்று. திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். கல்லூரிக்குச் செல்லாமலே தாமே படித்து 1931இல் வித்துவான் முகநிலைத் தேர்வில் வென்றார். 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றுத் திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசைப் பெற்றார். அதே ஆண்டில் இராதா அம்மையாரை மணந்தார்.

பள்ளி ஆசிரியர்

1935 முதல் 1939 வரை திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் அவர் தமிழாசிரியராக இருந்தார். பின்னாளில் பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் உயர்ந்தவர்க்கு இந்நான்கு ஆண்டுகள் சிறிய காலமே. ஆயினும் அவருடைய உரைநடையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. சிறுவர் வகுப்பில் நீண்ட வாக்கியம் நில்லாது. கேட்பவன் முகம் சுளித்தால் சொன்னவன் மாற்றிச் சொல்ல வேண்டும். மு.வ.வின் வாக்கியங்கள் குறுகியவை, தெளிந்தவை, ஒன்றன்பின் ஒன்றாகப் படி ஏறுபவை. வகுப்பறை வாராத ஒருவர்க்கு அந்த நடை எளிதில் வாய்ப்பதன்று. 1939இல் வெளிவந்த அவருடைய முதல் நூலும் குழந்தைப் பாட்டுகள்தான்.

அவ்வாண்டிலேயே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். பின்னர் அங்குத் தமிழ்த்துறைத் தலைவராகி, 1961 வரை பணியாற்றினார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் ஆனார். இவ்வளவு புலமை பெற்ற ஒருவர் புலவர்க்கு மட்டுமே எழுதியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ புலமையைத் தோளில் சுமந்துகொண்டு பொதுமக்களிடம் இறங்கி வந்தார்.

தெளிவுரை என்னும் குடிமைப் பாடம்

1949ஆம் ஆண்டை நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் இந்திய அரசமைப்புச் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. அகவை வந்த அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் பெருஞ்செயலுக்கு நாடு அணியமாகிக் கொண்டிருந்தது. எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் அரசை ஆக்கும் உரிமை பெறவிருந்தனர். அதே 1949இல்தான் மு.வ.வின் திருக்குறள் தெளிவுரையைச் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலே. எனினும் காலத்தின் தேவை அவ்விரண்டிலும் ஒலித்தது.

திருக்குறளின் பொருட்பாலில் எழுபது அதிகாரங்கள் உள்ளன. அரசனுக்குரியவை 25, அமைச்சு முதலிய உறுப்புகளுக்குரியவை 32, குடிகள் முதலிய எஞ்சியவற்றுக்குரியவை 13. நூலின் பெரும்பகுதி ஆட்சி பற்றியதே. பரிமேலழகர் உரை மாண்புடையது. ஆனால் இலக்கணப் பயிற்சி இல்லாதவர் அதன் வாயிலைத் தாண்டுவது அரிது. மு.வ. ஒவ்வொரு குறட்கும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் பொருள் சொன்னார். இலக்கணக் குறிப்பைத் தவிர்த்தார்; தம் கருத்தைத் திணிக்காமல் ஒதுங்கி நின்றார். விளைவு என்ன? கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோல் ஏந்தி நின்று பொருள் கேட்கும் மன்னனை வழிப்பறிக் கள்வனோடு வள்ளுவர் ஒப்பிடும் இடத்தை ஏழாம் வகுப்பு மாணவி தானே படித்து அறிகிறாள். வரி எப்போது வரியாகிறது, எப்போது கொள்ளையாகிறது என்று அவளே வினவத் தொடங்குகிறாள். குடிமைக் கல்வி என்பது அந்த வினாவிலிருந்து பிறப்பது.

தெளிவுரை நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டுவிட்டது. திருமண வீட்டில் பரிசாகவும், பள்ளி விழாவில் வெகுமதியாகவும், பயணப் பையில் துணையாகவும் அது தமிழகம் எங்கும் சென்றது. நம் பகுதித் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளும் அதைப் பரிசாகப் பெற்றிருப்பர். ஒரு நூல் இதைவிட அகலமாகக் கால்பதிப்பது எளிதன்று.

கடிதங்களும் கதைகளும்

அறத்தையும் அரசியலையும் இரு வேறு அறைகளில் பூட்டி வைக்கும் வழக்கத்தை மு.வ. ஏற்கவில்லை. விடுதலைக்கு முன்பே அறமும் அரசியலும் என்று தம் நூலுக்குப் பெயரிட்டவர் அவர். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என நான்கு கடித நூல்களை எழுதினார். மேடைப் பேச்சு ஓங்கியிருந்த காலத்தில் அவர் மடல் வடிவத்தைத் தேர்ந்தது கருதத்தக்கது. மேடையில் நிற்பவன் கூட்டத்தோடு பேசுகிறான். அண்ணன் தம்பியோடு பேசுகிறான். நாட்டுப்பற்றும் மொழிப்பற்றும் முழக்கத்தில் முடிந்துவிடாமல், கடிதத்தையும் முகவரியையும் தமிழில் எழுதும் அளவுக்கு அன்றாடச் செயலாக வேண்டும் என்று அந்த அண்ணன் வற்புறுத்துகிறான். நல்லவனாக இருப்பது மட்டும் போதாது, வல்லவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது தம்பிக்கு அவன் உணர்த்தும் முதற்பாடம்.

நாவல்களிலும் இப்பாடம் தொடர்ந்தது. கரித்துண்டு நாவலில் நடைபாதையில் ஓவியம் தீட்டிப் பிழைக்கும் ஒருவனைக் கதையின் நடுவே அமர்த்தினார். வாலாசாவையும் பாலாற்றையும் களமாகக் கொண்ட அகல் விளக்கு 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அறிவொளி மிக்க சந்திரன் நிலைகுலைந்து அழிவதையும், இயல்பான திறமை கொண்ட வேலய்யன் நிதானமாக ஒளிர்வதையும் அது காட்டுகிறது. ஒரு நாட்டை நடத்துவதும் நின்று எரியும் இத்தகைய அகல் விளக்குகளே என்பது அதன் உட்கிடை எனலாம். பாத்திரங்கள் அறிவுரை மிகப் பேசுகின்றன, கதை கட்டுரையாகிவிடுகிறது என்று திறனாய்வாளர் குறை கூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆசிரியத் தொழில் அவரை விட்டு நீங்கவே இல்லை. அதுவே அவருடைய கலையின் எல்லை. அதுவே அவருடைய பயனும்.

1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலும், 1971 முதல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் அவர் விளங்கினார். 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மறைந்தார்.

ஆறு கேட்கும் கேள்வி

அவர் மறைந்தபின் அவர் பாடிய பாலாறு மாறிப்போனது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்டது. அத்தொழிலின் கழிவுநீரே கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. தொழிலாளியும் உழவனும் ஒரே ஊரினர். சில இல்லங்களில் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர். இங்கே யார் பக்கம் நீதி? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த தீர்ப்பு, கேடு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. உலகெங்கும் சட்டம் பயில்வோர் இன்று வேலூரின் பெயரை அத்தீர்ப்பால் அறிகின்றனர். நல்லவர்களாக வீட்டிலேயே இருந்திருந்தால் அம்மன்றத்தார் வழக்காடியிருக்க இயலாது. தம்பிக்கு மு.வ. சொன்ன வல்லமைக்கு இதைவிட அண்மைச் சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளில் அறத்துப்பாலும் பொருட்பாலும் சார்ந்த அதிகாரங்களைப் பாடமாக்க வேண்டும் என்று 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தவர் நீதிபதி இரா. மகாதேவன். பாலாற்று மாசு குறித்து 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தபோது அந்த அமர்விலும் அவர் இருந்தார். குறளை வகுப்பறைக்கு அனுப்பிய கையே ஆற்றுக்காகவும் எழுதியது.

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல் மக்களாட்சி, உள்ளாட்சி, அரசமைப்புச் சட்டம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. அமைப்புகளின் பெயரை அது தரும். அந்த அமைப்புகளின் உயிர் எது என்பதைச் செங்கோன்மை, நடுவு நிலைமை, நாடு ஆகிய அதிகாரங்கள் தரும். இரண்டையும் ஒரே மாணவன் ஒரே நாளில் படிக்கிறான். ஆனால் இரண்டையும் இணைத்துக் காட்டுவார் அரியர். நம் வட்டத்தில் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். கவிஞர்கள் பலர் உள்ளனர். அணைக்கட்டிலும் பள்ளிகொண்டாவிலும் ஒடுகத்தூரிலும் உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்கு நாம் மாதம் ஒருமுறை சென்று, ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, நம் ஊரின் கிணற்றையும் கிராம சபையையும் காட்டிப் பேசினால் என்ன? புரியாத சொல்லைப் பெருமையாகக் கருதாமல், பிள்ளைக்குப் புரியும்வரை மாற்றிச் சொல்லும் பொறுமை நமக்கு வேண்டும்.

பாலாற்றங்கரையில் தோன்றிய அந்த ஆசிரியர் நமக்கு விட்டுச்சென்ற கடன் அதுவே. அடுத்த பத்தாண்டில் அதைச் சிறிதேனும் அடைப்போமாக.