வானத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்: சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

ஆண்டுதோறும் சித்திரைப் பிறப்பு நெருங்கும்போது நம் ஊர்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும்; திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்லும். மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேடம் எப்போது கொடுப்பது என்று வீட்டுக்கு வீடு விசாரிப்பார்கள். பெரியோர் தத்தம் கோயில் வழக்கைப் பின்பற்றி அமைதி கொள்வர். இளைஞரோ, ஆகாயத்தில் சூரியன் ஒன்றாயிருக்கக் கணக்கு மட்டும் இரண்டானது எப்படி என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியோடு தம் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் சரிதையை இங்கே கூறப் புகுந்தோம்.

அவர் பெயர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் இரகுநாதையர் பஞ்சாங்கத்தை நினைத்துக்கொண்டு மயங்கவேண்டாம். அது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தோன்றியது; வாக்கியக் கணிதம். நாம் பேசும் ஆச்சாரியாரோ சென்னையில் வாழ்ந்தவர். மறுபக்கத்துக் கணிதத்துக்காக வழக்காடியவர். பெயர் ஒற்றுமையை விதியின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும்.

பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலே பிறந்த அவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். இளம் வயதிலேயே சென்னை வானோக்கு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய நிலையம் அது. அங்கே கருவி தாங்குவதற்கென நாட்டிய கருங்கல் தூண் ஒன்றில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்த நிலையத்தில் படிப்படியாக உயர்ந்து, நோர்மன் பொக்சன் தலைவராயிருந்த காலத்தில் முதல் உதவியாளர் ஆனார்.

அவர் செய்த வேலை எத்தகையது என்பதை இளைஞர் அறிதல் நன்று. நிலையத்திலே ஒரு தொலைநோக்கியை வடக்குத் தெற்காக அசையாமல் பொருத்தியிருப்பார்கள். அது மேலும் கீழும் ஆடுமேயன்றிப் பக்கவாட்டில் திரும்பாது. பூமி சுழல்வதால் விண்மீன் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது அந்தக் கண்ணாடியின் முன்னே கடந்து போகும். உள்ளே மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். மீன் எந்த நொடியில் இழையைத் தாண்டியது என்று கடிகாரத்தோடு சேர்த்துக் குறிக்கவேண்டும். எவ்வளவு உயரத்தில் தாண்டியது என்று வட்டத்தில் வெட்டிய பாகைக் கோடுகளைப் படிக்கவேண்டும். இவ்விரண்டும் கிடைத்தால் அந்த மீனின் விலாசம் கிடைத்துவிடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. இப்படி 1862 முதல் 1887 வரை நோக்கி, 5,303 விண்மீன்களுக்கு நிலையங் குறித்த பட்டியல் ஒன்று சென்னையிலிருந்து வெளிவந்தது. அதில் பெரும் பங்கு ஆச்சாரியாருடைய கண்ணும் கையும் செய்தது.

இந்த வேலையின் நடுவே, 1867இல், அவர் ஒரு மீனைப் பிடித்தார். அதன் ஒளி ஒரே நிலையில் நிற்கவில்லை. ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒரு முறை மங்கி மீண்டும் துலங்குகிறது. வயது முதிர்ந்த பெருமீன் அது; ஊதிப் பெருத்தும் சுருங்கியும் வருவதனால், நாம் காணும் ஒளி பல நூறு மடங்கு மாறிவிடுகிறது. தொலைநோக்கி கொண்டு இப்படியொரு புதுச் செய்தியைக் கண்டறிந்த முதல் இந்தியர் இவரே என்பர். ரெற்றிக்குலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் அது இருக்கிறது. தொலைநோக்கியின் உள்ளே கட்டும் இழைவலையின் நினைவாகவே அக்கூட்டத்துக்கு அந்தப் பெயரை இட்டார்கள் என்பது பொருத்தமான சங்கதி.

சென்னையில் அந்த மீன் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும். நாம் இன்னும் தெற்கே இருப்பதால் கல்முனைக் கரையில் ஏறக்குறைய 20 பாகை எழும். தை மாதத்து இரவு ஒன்பது மணியளவில் ரோகிணி உச்சிக்கு வரும் வேளை, நேர் தெற்கே திரும்பி, அகத்திய மீனுக்கு வலப்புறம் தாழ்வாகப் பார்த்தால் அந்தத் திசைதான். வெறுங்கண்ணுக்கு அகப்படாது, ஒளி கூடிய நாட்களில் ஒரு சிறு தொலைநோக்கி போதும்.

1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் பூரண சூரிய கிரகணம் வந்தது. ஆச்சாரியார் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்ட வனபர்த்திக்குச் சென்றார். அந்தக் கிரகணத்தின்போதுதான் குண்டூரில் நின்ற பிரெஞ்சுக்காரர் ஜான்சனும் வேறு சிலரும் சூரியனின் ஒளியைப் பிரித்து நோக்கினர். அதில் கண்ட ஒரு மஞ்சட் கோடு பின்னர் ஹீலியம் என்ற புதுப் பொருளுக்கு அடையாளமாயிற்று. 1871 டிசம்பர் 12ஆம் நாளில் வந்த கிரகணத்தின் நிழலோ தமிழகத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தின் மீதும் சென்றது. 2019 டிசம்பர் 26ஆம் நாள் வளையக் கிரகணத்தை நம் வடக்குக் கரையிற் கண்டவர்கள் அதை மனதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1872இல் இலண்டன் இராச வானநூற் சங்கம் ஆச்சாரியாரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

ஆயினும் புகழுக்குரிய இவற்றையெல்லாம் விட, அவர் பகைமையைத் தேடிக்கொண்ட வேலையே நம் கருத்துக்கு உரியது.

வாக்கியக் கணிதம் எளிதிற் பழிக்கத் தக்கதன்று. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை; ஒரு நாளில் 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் நடக்கும், 15 பாகையும் நடக்கும். அந்த ஏற்ற இறக்கம் 248 நாளில் ஒன்பது முறை சுற்றி ஏறத்தாழப் பழைய இடத்துக்கு வருவதைக் கண்ட முன்னோர், நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் அமைத்து, எண்களை எழுத்துக்களுக்குள் மறைத்து, மனப்பாடமாக்கி வைத்தனர். ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே திதி சொல்லிவிடலாம். எத்துணை நுட்பம்! ஆனால் ஏறத்தாழ என்ற சொல்லிலேதான் சிக்கல் இருக்கிறது. வாக்கியத்தின்படி ஓர் ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து இன்று அளந்தால் 9 நிமிடம் 10 விநாடிதான் வருகிறது. ஆண்டுக்கு மூன்று நிமிடம் இருபது விநாடி சிறிது. ஆயிரம் ஆண்டுக்கு அது இரண்டு நாளுக்கு மேல். சந்திரனின் கணக்கிலும் இப்படியே பிழை சேரும். சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகுவது ஒரு திதி. சந்திரனின் இடம் பிசகினால் திதி முடியும் வேளை சில நாழிகை முன்பின்னாகிவிடும். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி பாடும் நமக்கு இது ஏட்டுச் சங்கதியன்று.

ஆச்சாரியார் சொன்னது இவ்வளவே: கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவேண்டும், ஒவ்வாதபோது திருத்தவேண்டியது கணக்கையே. 1870களில் நவீன அளவுகளைக் கொண்டு தாமே பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். திருக்கணிதம் என்ற சொல்லில் உள்ள திருவை மங்கலத் திரு என்று பலர் எண்ணுவர். திருக் என்ற வடசொல்லுக்குப் பார்வை என்பது பொருள். கண்ணாற் கண்டு ஒப்பிட்ட கணிதம் அது. நம் முஸ்லிம் சகோதரர்கள் மாத முடிவில் மாலைவேளை மேற்கே வயல்வெளிப் பக்கம் நின்று பிறை தேடுகிறார்களே, அவர்களும் கண்ணைத்தானே சாட்சியாக வைக்கிறார்கள்.

பண்டிதர் பலர் அவரை ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் கண்ணாடியைக் கொண்டு சாத்திரத்தைத் திருத்துவதா என்ற எண்ணம் அன்று வலுத்திருந்தது. அந்த எண்ணத்தை முழுக்கக் குற்றஞ்சொல்ல எமக்கு மனமில்லை. அடிமைப்பட்ட காலத்தில் தன் மரபைக் காக்க நினைப்பது இயல்பு. ஆனால் ஆச்சாரியார் மரபுக்கு அந்நியரல்லர். கேரளத்துப் பரமேசுவரர் தாம் பல ஆண்டுகள் கண்ட கிரகணங்களைக் கொண்டு 1431இலேயே திருக்கணித முறையை வகுத்திருந்தார். தொலைநோக்கி தோன்ற அப்போது இன்னும் நூற்றெழுபது ஆண்டுகள் இருந்தன.

1874 டிசம்பர் 9ஆம் நாள் சுக்கிரன் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்தபோது அவர் ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். பண்டிதரோடு உரையாடும் முறையில் அமைந்தது அது. முகத்துக்கு நேரே விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அதுபோலப் பூமியில் தூரத்தூர நின்ற இருவருக்குச் சுக்கிரன் சூரியன்மேல் வெவ்வேறு இடத்திற் செல்வதாகத் தெரியும். அந்த வேறுபாட்டிலிருந்து சூரியனின் தூரத்தைக் கணித்துவிடலாம். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பதினைந்து கோடி கிலோமீற்றர் இத்தகைய அளவைகளால் தேறியதே.

1880 பெப்ரவரியில் அவர் காலமானார். அவர் தொடங்கிய பஞ்சாங்கத்தைக் குடும்பத்தார் விடாமல் நடத்தினர். சென்னை நிலையத்தின் விண்மீன் ஆராய்ச்சி 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்திலேயே நின்றுவிட்டது.