சாப்பாட்டை மாத்தும்போது பாக்டீரியா என்ன பண்ணும்?

இலையில் பிரியாணியும் தயிர்சாதமும் இருந்தா எதுல முதல்ல கை வைப்பீங்க? பாக்டீரியாவுக்கும் அந்த வரிசை உண்டு மக்களே!

1940, நாஜிகள் பிடியில் பாரிஸ். குளுக்கோஸோடு இன்னொரு சர்க்கரையையும் கலந்து பாக்டீரியாவுக்குக் கொடுத்தார் ஜாக் மோனோ. முதலில் குளுக்கோஸ் காலி. அப்புறம் வளர்ச்சி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த ரவுண்டு. நடுவில் ஏன் அந்த பிரேக்? புது சாப்பாட்டுக்கான என்சைமை அது தயாரிக்கிறது என்று எடுத்துக்கொடுத்தவர் சீனியர் ஆந்த்ரே லுவோஃப்.

இதே மோனோ, நாஜி எதிர்ப்புப் படையிலும் ரகசியமாக இருந்தார். ஆய்வகத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் ஆவணங்களை ஒளித்து வைப்பாராம். செம தில்லு!

போர் முடிஞ்சும் அந்த பிரேக் அவரை விடலை. 1961-ல் ஃபிரான்சுவா ஜக்கோப்புடன் சேர்ந்து விடை சொன்னார்: லாக்டோஸ் இல்லாதப்போ அதற்கான ஜீன்களை ஒரு தடுப்புப் பொருள் பூட்டியே வைத்திருக்கும், லாக்டோஸ் வந்தால் பூட்டு திறக்கும். 1965-ல் மூவருக்கும் நோபல். 1976-ல் மோனோ இறந்தார்.