வால்ற் டிஸ்னியும் தோட்டத்துப் புகையிரதமும்

ஒருவர் தம் கடமையை எவ்வாறு செய்தார் என்பதை உலகம் அறியும். கடமை முடிந்தபின் எஞ்சிய பொழுதை எவ்வாறு கழித்தார் என்பதைப் பெரும்பாலும் அவர் வீட்டாரும் நண்பருமே அறிவர். பெரியோரின் வரலாற்றை எழுதப் புகுவோரும் முன்னதை விரித்துரைத்துப் பின்னதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். ஆயினும், சிலருடைய வாழ்வில் ஓய்வுப் பொழுதிற் செய்த சிறு செயலே பெருஞ் செயலுக்கு வித்தாக அமைந்திருப்பதைக் காண்கின்றோம். மிக்கி மவுஸ் என்னும் எலியைத் திரையில் ஆடவும் பேசவும் வைத்த வால்ற் டிஸ்னி அத்தகையோருள் ஒருவர். அவர் எடுத்த படங்களை அறியாதார் இலர். அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டி மகிழ்ந்த சிறிய புகையிரதத்தை அறிந்தோர் சிலரே. அதன் வரலாற்றை அவர் வாழ்க்கையோடு இயைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் பிறந்தார். 1906இல் அவர் தந்தையார் எலயஸ் குடும்பத்துடன் மிசூரி மாநிலத்திலுள்ள மார்சலீன் என்னும் சிற்றூருக்குச் சென்று கமஞ் செய்யத் தொடங்கினார். மார்சலீன் புகையிரதத்தினாலே பிறந்த ஊர். சாந்தா பே என்னும் புகையிரதக் கம்பனி தன் நெடும்பாதையில் அமைத்த ஓர் இடைத்தங்கலே நாளடைவில் ஊராக வளர்ந்தது. டிஸ்னியின் நெருங்கிய உறவினர் ஒருவர் அப்பாதையிற் புகையிரதச் சாரதியாக இருந்தார். வண்டி வருகின்றதா என்று தண்டவாளத்திற் காதை வைத்துக் கேட்பதும், வந்ததும் சாரதிக்குக் கையசைப்பதும் அச்சிறுவனுக்கு நாடோறும் திருவிழாவாக இருந்தன. அவ்வூரில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே. எனினும், அந்த ஐந்து ஆண்டுகளை அவர் இறுதிவரை மறந்தாரல்லர்.

கமத்தில் எதிர்பார்த்த பலன் கிட்டாமையாற் குடும்பம் கன்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் பத்திரிகை விநியோகத்தை மேற்கொண்டார். மைந்தர்கள் விடியுமுன் எழுந்து பனியிலும் குளிரிலும் வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுசென்றனர். பதினைந்தாவது வயதில், 1917ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், டிஸ்னி ஓடும் புகையிரதங்களிற் பத்திரிகை, பழம், இனிப்பு, சோடா முதலியன விற்கும் பையனாக அமர்ந்தார். பொன்னிறப் பொத்தான் தைத்த நீலச் சீருடை அணிந்து பெட்டிக்குப் பெட்டி சென்று விற்றார். விற்பனையில் அவர் இலாபங் கண்டாரல்லர், நட்டமே கண்டார். ஆயினும், சாரதிக்குச் சுருட்டைக் கொடுத்து இணங்கச் செய்து, இயந்திரத்தில் ஏறி நின்று, நெருப்பும் நீராவியும் சக்கரத்தைச் சுழற்றும் வித்தையைக் கண்ணாரக் கண்டார். பணத்தை இழந்து அவர் பெற்ற அச்செல்வம் முப்பது ஆண்டுகளின் பின்னரே அவருக்குப் பயன்பட்டது.

அதன்பின் அவர் வாழ்வு விரைந்து சென்றது. 1923இல் ஹொலிவூட்டை அடைந்து தமையனார் றோயுடன் சேர்ந்து சித்திரப் படத் தொழிலைத் தொடங்கினார். 1925இல் லில்லியன் என்னும் நங்கையை மணந்தார். 1928இல் மிக்கி மவுஸ் தோன்றிற்று. 1937இல் வெளிவந்த ஸ்னோ வைற் என்னும் முழுநீளச் சித்திரப் படம் அவர் புகழை நிலைநாட்டியது. ஆனால் இப்புகழுக்கு அவர் ஒரு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. தொழில் வளர வளர, அவர் தம் கையாற் சித்திரம் வரைவதை விட்டார். கதையை ஆராய்தல், பிறர் வரைந்ததைத் திருத்துதல், ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பணியாளரை நடத்துதல் என்பனவே அவர் கடனாயின. 1931இல் நரம்புத் தளர்ச்சியால் வருந்தினார். வைத்தியர் அறிவுரைப்படி தேகப் பயிற்சியை மேற்கொண்டு, குதிரைமேல் ஏறிப் போலோ ஆடினார். அவ்விளையாட்டிற் கழுத்தில் அடிபட்டு அதனையும் நிறுத்தினார். 1941இற் பணியாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தாம் ஒரு குடும்பமாக எண்ணியிருந்த நிலையம் இரு கூறாகப் பிளந்தது அவர் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. போர்க் காலத்தில் வெளிநாட்டு வருமானம் குன்றிக் கடன் பெருகிற்று. போர் முடிந்த வேளையில், உலகைச் சிரிக்க வைத்தவர் தாமே சிரிப்பை இழந்தவராய் இருந்தார்.

இந்நிலையிலேதான் 1947 டிசம்பரிற் பிறந்தநாளுக்கும் நத்தாருக்குமாகத் தமக்குத் தாமே ஒரு பரிசு வாங்கிக்கொண்டார். அது மின்சாரத்தில் ஓடும் ஒரு விளையாட்டுப் புகையிரதம். வாழ்நாள் முழுவதும் விரும்பியும் பெறாத பொருளை நாற்பத்தாறாவது வயதில் வாங்கி, அலுவலகத்திற்கு அடுத்த அறையிற் பூட்டி மகிழ்ந்த செய்தியைத் தங்கைக்குக் கடிதத்தில் எழுதினார். அவர் நிலையத்தின் சித்திரக்காரர்களுள் இருவர் இத்துறையில் அவருக்கு முன்னோடிகளாக விளங்கினர். வோட் கிம்போல் என்பவர் உண்மையான பழைய நீராவி இயந்திரமொன்றையே தம் வளவினுள் வைத்திருந்தார். ஒலி ஜோன்ஸ்ரன் என்பவர் தம் தோட்டத்திற்கெனச் சிறு நீராவி இயந்திரமொன்றைச் செய்துகொண்டிருந்தார். தலைவர் இவ்விருவரிடமும் மாணவர் போலச் சென்று பார்த்தும் கேட்டும் அறிந்தார்.

1948ஆம் ஆண்டு சிக்காகோவில், மிச்சிகன் ஏரிக்கரையில், பெரியதொரு புகையிரதக் கண்காட்சி நடைபெற்றது. டிஸ்னியின் களைப்பை அறிந்திருந்த நிலையத் தாதி அவரை அங்கே சென்றுவருமாறு தூண்டினார். அவரும் கிம்போலும் புகையிரதத்திலேயே பயணஞ் செய்தனர். பழைய இயந்திரங்களை ஓட்டிப் பார்த்தனர். பண்டைக் காலத்து ஆடை புனைந்து ஊர்வலக் காட்சியிலும் தோன்றினர். திரும்பும் வழியில், ஹென்றி போர்ட் பழைய வீடுகளையும் பட்டறைகளையும் கொணர்ந்து அமைத்த கிராமத்தையும் கண்டனர். அங்கிருந்து மீண்டவரிடத்தில் ஒரு புதிய ஊக்கம் காணப்பட்டது.

இனி அவர் செய்த புகையிரதத்தைப் பார்ப்போம். சென்றல் பசிபிக் கம்பனியின் 173ஆம் இலக்க இயந்திரத்தை அவர் மாதிரியாகக் கொண்டார். உண்மை இயந்திரத்தின் எட்டில் ஒரு பங்கு அளவிற் சிறிய இயந்திரம் செய்வதென்று தீர்மானமாயிற்று. அஃதாவது, அங்கே ஓர் அடி நீளமாயின் இங்கே ஒன்றரை அங்குலம். தண்டவாளங்களின் இடைவெளி ஏழேகால் அங்குலம். நிலையத்து இயந்திரப் பட்டறையின் தலைவர் றொஜர் புறோகி வேலையை நடத்தினார். மாலையிற் கடமை முடிந்ததும் டிஸ்னி பட்டறைக்கு வந்து தமக்கென ஒதுக்கப்பட்ட மேசையில் அமர்வார். கடைசல் பிடிக்கவும், தகடு வெட்டி வளைக்கவும், பற்றாசு வைக்கவும் அங்கே பயின்றார். புகைபோக்கியும் முன்விளக்கும் அவர் கைவேலைகளுட் சில. பகலில் எவருக்கு உத்தரவிட்டாரோ அவரிடமே மாலையில் உத்தரவு பெற்றார். பிழையெனக் கண்டதை மீண்டும் செய்தார். சித்திரக் கோலை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த அக்கைகள் மறுபடியும் ஒரு பொருளை ஆக்கக் கற்றன. இயந்திரத்துக்கு மனைவியாரின் பெயரைத் தழுவி லில்லி பெல் என்று பெயரிட்டார்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கரோல்வூட் வீதியில் வாங்கிய காணியிற் புதுமனை எழும்பியது. புகையிரதப் பாதைக்கு ஏற்ற நிலமா என்று நோக்கியே அக்காணியை அவர் விரும்பினார். தோட்டத்தின் குறுக்கே தண்டவாளம் செல்வதை லில்லியன் அம்மையார் முதலில் விரும்பவில்லை. டிஸ்னி சட்டமுறைப்படி ஓர் ஒப்பந்தம் எழுதுவித்து, புகையிரதப் பாதைக்குரிய நிலவுரிமையைத் தமக்கு விட்டுக்கொடுப்பதாக மனைவியாரிடமும் புதல்வியர் டயான், ஷரன் ஆகியோரிடமும் கையொப்பம் பெற்றார். விளையாட்டாக எழுதப்பட்ட பத்திரமேயாயினும், வீட்டாரின் சம்மதமின்றிப் பொழுதுபோக்கு இனிக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அம்மையாரின் மலர்ப்பாத்தி கெடாதிருக்க, அதன்கீழே 90 அடி நீளமான குகைவழி ஒன்று வெட்டப்பட்டது. நேராக வெட்டினாற் செலவு குறையும் என்று வேலையாட்களின் தலைவர் கூறினார். டிஸ்னி இணங்கவில்லை. உள்ளே புகுவோருக்கு மறுமுனை தெரியலாகாது என்பதற்காகப் பாம்புபோல் வளைந்து செல்லுமாறு செய்வித்தார். பாதையின் முழுநீளம் 2,615 அடி. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் லில்லி பெல் அத்தோட்டத்தில் முதன்முறையாக ஓடிற்று.

இத்தகைய சிறு நீராவி இயந்திரத்தை ஓட்டுதல் பிள்ளை விளையாட்டன்று. உண்மை நிலக்கரியே எரிகின்றது. உண்மை நீராவியே உந்துகின்றது. கொதிகலன் சிறிதாகையால் நீர் விரைவில் வற்றும். நெருப்பும் விரைவில் தணியும். சாரதி சிறிது சிறிதாக அடிக்கடி கரியிட வேண்டும்; கண்ணாடிக் குழாயில் நீர் மட்டத்தை நோக்கியவண்ணம் இருக்க வேண்டும்; அமுக்கமானியையும் மறக்கலாகாது. இத்தனைக்கும் மனத்தைக் கொடுத்தவனுக்கு வேறு கவலையை நினைக்க இடமேது? வார இறுதியில் டிஸ்னி சாரதித் தொப்பியுடன் இயந்திரத்தின் பின்னே அமர்ந்து, அயலவரையும் நண்பரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சுற்றிவந்தார். தொடரின் கடைசியிற் செல்லும் காவலர் பெட்டியின் உட்புறத்தையும் அவர் வெறுமையாக விட்டாரில்லை. அதற்கென மிகச் சிறிய கணப்படுப்பொன்றைச் செய்தார். அது அழகாக வாய்க்கவே, வெவ்வேறு நிறந்தீட்டி ஏறத்தாழ நூறு அடுப்புகளைச் செய்து நண்பர்க்கு வழங்கினார்.

1953ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் இம்மகிழ்ச்சிக்கு ஒரு தடை நேர்ந்தது. விருந்தினர் ஒருவர் வளைவில் வேகமாக ஓட்டினமையால் இயந்திரம் தடம்புரண்டது. சீறிய நீராவி ஒரு சிறுமியின் காலைச் சுட்டது. டிஸ்னி மிக வருந்தினார். சிறு திருத்தத்துடன் மீண்டும் ஓட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டுக் கணக்காக உழைத்துச் செய்த இயந்திரத்தைப் பட்டறைக்கு அனுப்பி வைத்துவிட்டார். பிள்ளைகளின் களிப்புக்காகச் செய்த பொருள் ஒரு பிள்ளைக்குத் துன்பம் தந்தபின் அதனை ஓட்ட அவர் மனம் ஒப்பவில்லை. தமக்குப் பிரியமானதை உரிய வேளையில் நிறுத்தத் தெரிந்தமையும் அவர் பெருமைகளுள் ஒன்றென்பதே எமது துணிபு.

ஆயின், தோட்டத்தில் ஓய்ந்த சக்கரம் வேறோரிடத்திற் சுழலத் தொடங்கிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழத்தக்க பூங்கா ஒன்றை அமைக்கும் எண்ணம் அவர் மனத்தில் நெடுநாளாக உருவாகி வந்தது. 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி கலிபோர்ணியாவில் அனஹைம் என்னுமிடத்தில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அப்பூங்காவைச் சுற்றி ஒரு புகையிரதம் ஓடிற்று. அதன் முதலிரு இயந்திரங்களும் லில்லி பெல்லின் வரைபடத்தைத் தழுவியே செய்யப்பட்டன. மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: எட்டில் ஒரு பங்கான இயந்திரத்தை ஐந்து மடங்காகப் பெருக்கினால் எட்டில் ஐந்து பங்காகும், ஏழேகால் அங்குலத்தை ஐந்தாற் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று அடியாகும். டிஸ்னிலாந்துப் பாதையின் அகலமும் மூன்று அடியே.

1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி, அறுபத்தைந்தாவது வயதில், சுவாசப்பைப் புற்றுநோயால் டிஸ்னி காலமானார். தமையனார் றோய் தம்பியின் இரண்டாவது பூங்காவைப் புளோரிடாவில் நிறைவேற்றி 1971இற் திறந்துவைத்தார். அங்கு ஓடிய நான்கு இயந்திரங்களுக்கு டிஸ்னி, றோய், புறோகி ஆகியோரின் பெயர்களும் லில்லி பெல் என்ற பெயரும் சூட்டப்பட்டன. கரோல்வூட் தோட்டத்தில் டிஸ்னியின் பட்டறையாக இருந்த கொட்டில், மார்சலீன் கமத்துக் களஞ்சியத்தை நினைந்து கட்டப்பட்டது. அது பெயர்த்தெடுக்கப்பட்டு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிறிபித் பூங்காவில், மாதிரி நீராவி இயந்திரம் ஓட்டும் அன்பர்களின் பாதையருகே 1999ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? எல்லோரும் தோட்டத்தில் நீராவி வண்டி ஓட்டுதல் இயலாது. அதற்கு நிலமும் பொருளும் வேண்டும். ஆனால் மாதிரிப் புகையிரதப் பொழுதுபோக்கின் பயன் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மேசையின்மேல் அட்டையாலும் மரத்துண்டாலும் ஒரு நிலையம் அமைக்கப் புகும் மாணவன் விகித கணிதத்தைக் கையாற் கற்கின்றான். வளைவு இறுகினால் வண்டி தடம்புரளும் என்பதையும், ஏற்றம் மிகுந்தால் இயந்திரம் இளைக்கும் என்பதையும் அநுபவத்தால் அறிகின்றான். மின்சுற்றை அமைக்கின்றான், தச்சு வேலை பழகுகின்றான், இரண்டு வண்டிகள் மோதாதிருக்க நேரசூசி வகுக்கின்றான். இவற்றுக்கு மேலாக, பிழைத்ததைக் கலைத்து மறுபடி செய்யும் பொறுமையைப் பெறுகின்றான். பரீட்சைக் காலத்தில் இவையெல்லாம் வீண் என்று கருதும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.

பழைய மாணவர்களாகிய நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. காரியாலயத்திலும் நீதிமன்றிலும் பாடசாலையிலும் பொறுப்புக்கள் ஏற ஏற, நம் கைகள் கையொப்பம் இடுவதற்கே உரியனவாகிவிடுகின்றன. டிஸ்னி தம் களைப்புக்கு மருந்தை உறக்கத்திலோ வீண்பேச்சிலோ தேடினாரல்லர்; தாம் அறியாத ஒரு கைத்தொழிலை, அறிந்தவரிடம் பணிந்து கற்பதிலே தேடினார். உளியோ, தூரிகையோ, மண்வெட்டியோ, வீணையோ எதுவாயினும் ஆகுக. இளமையில் நாம் விரும்பிக் கைவிட்ட ஒன்றை மீண்டும் கையிலெடுப்பதற்குக் காலங் கடந்துவிடவில்லை. அவர் தம் முதல் விளையாட்டுப் புகையிரதத்தை வாங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.