பிரெடெரிக் டியூடர்

பிரெடெரிக் டியூடர் (செப்டம்பர் 4, 1783 - பெப்ரவரி 6, 1864) ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வணிகர் ஆவார். குளங்களில் இயற்கையாக உறைந்த பனிக்கட்டியை வெட்டியெடுத்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி விற்றார். இதனால் பனிக்கட்டி அரசர் என அழைக்கப்பட்டார். மயிலாப்பூருக்கு வடக்கே, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடம் இவரது வணிகத்துக்காக எழுப்பப்பட்டதாகும்.

தொடக்கமும் சிறையும்

இவரது தந்தை வில்லியம் டியூடர் ஒரு வழக்கறிஞர். இவர் 13 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி வணிகத்தில் இறங்கினார். குளிர்காலத்தில் பாஸ்டன் மக்கள் சறுக்கி விளையாடும் குளங்களின் உறைபனியை விலைபொருளாக இவர் கண்டார். சரக்கை ஏற்றக் கப்பல் உரிமையாளர்கள் தயங்கியதால் சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்கி, 1806 இல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கிற்குப் பனிக்கட்டி அனுப்பினார். சரக்கு பெருமளவு உருகாமலே சென்றடைந்தது. ஆனால் அங்கு சேமித்து வைக்கக் கிடங்கு இல்லை. பெரும் இழப்பு ஏற்பட்டது. தொடர்ந்து கடனில் மூழ்கி 1812 இலும் 1813 இலும் சிறை சென்றார்.

நுட்பம்

தோல்விக்குக் காரணம் கடல் பயணம் அன்று, கரையில் இருந்த குறைபாடே என்பதை டியூடர் சரியாகவே உணர்ந்தார். எனவே துறைமுகங்களில் இரட்டைச் சுவர்க் கிடங்குகளைக் கட்டினார். மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகிய மரத்தூளைக் கட்டிகளைச் சுற்றி நிரப்பினார். மரத்தூளில் சிறைப்படும் காற்று வெப்பம் ஊடுருவுவதைத் தடுக்கும். பனிக்கட்டியின் இயல்பும் இவருக்குத் துணை நின்றது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசு வரை சூடாக்கப் போதுமானது. மேலும், கனசதுரக் குவியல் ஒன்றின் பக்க நீளம் இரு மடங்கானால் கனவளவு எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே பெரிய குவியல் மெதுவாக உருகும்.

1820களில் நதானியேல் வையெத் என்பவர் உருவாக்கிய, குதிரை இழுக்கும் பனிக்கலப்பை கட்டிகளை ஒரே அளவில் வெட்ட உதவியது. கட்டிகளை இடைவெளியின்றி அடுக்க முடிந்தது. செலவும் பெரிதும் குறைந்தது.

இந்தியாவில்

1833 மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. காப்பி ஊக வணிகத்தில் இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல் இழந்திருந்த டியூடர், இந்திய வணிகத்தின் துணையோடுதான் கடனிலிருந்து மீண்டார். இங்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் வசதி படைத்த இந்தியருமே.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் அமைந்தன. சென்னைக் கிடங்கு 1842 வாக்கில் கட்டப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் இல்லாததால், கப்பலிலிருந்து மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்தே சரக்கு கரை சேர்ந்தது.

மறைவுக்குப் பின்

டியூடர் 1864 இல் பாஸ்டனில் காலமானார். 1870களில் செயற்கைப் பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் இந்திய வணிகம் நலிவுற்றது. சென்னைக் கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பெப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்குத் தங்கினார். அவ்வாண்டே இங்குத் தொடங்கிய இராமகிருஷ்ண மடம் பின்னர் மயிலாப்பூருக்கு இடம் பெயர்ந்தது. கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் இடிக்கப்பட்டுவிட்டன. சென்னைக் கட்டிடம் 1963 இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. எனினும் சுற்றுப்புறத்தை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.