பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுயிக்

கம்பம் பள்ளத்தாக்கின் பசுமையைக் கண்டு மகிழும் நாம், அதன் விலையை எண்ணிப் பார்ப்பது அரிது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னகத்தை வாட்டிய நாளிலும், மலைக்கப்பால் பெரியாறு பெருகி மேற்குக் கடலையே சேர்ந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

1841இல் புனேயில் பிறந்த இவர் இராணுவப் பொறியாளர். 1886இல் திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. மறு ஆண்டே பணி தொடங்கிற்று.

அடர்காட்டில் கட்டுமானம் எழுப்புவோர்க்குப் பொருளின் விலையோடு, அதனைக் கொண்டு சேர்க்கும் செலவும் பெருஞ்சுமையாகும். சிமெண்டோ அன்று கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. ஆகவே சுண்ணாம்பையும், சுட்ட செங்கல்லின் பொடியாகிய சுர்க்கியையும் கலந்த காரையால் அணையின் உட்பகுதி கட்டப்பெற்றது. ஈரத்திலும் இறுகும் இயல்புடையது அக்காரை. சிக்கனமே அங்குப் புதுமைக்குத் தாயாயிற்று.

வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொண்டது. எனினும் பணி நிற்கவில்லை. 1895 அக்டோபர் 10ஆம் நாள், சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெரியாறு வைகைக்கு வந்தது.

1911இல் பென்னிகுயிக் மறைந்தார். 2013இல் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் உழவர்கள் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். அந்நன்றியில், காட்டில் மடிந்த பெயரறியாத் தொழிலாளர்க்கும் பங்குண்டு என்பதை நாம் மறவாதிருப்போமாக.