மழைத்துளி அளவில் ஓர் அலை

வ. புதுப்பட்டியில் ஐப்பசி மழை வெளுத்து வாங்கும்போது, மொட்டை மாடியில் டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் டி.வி. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கார்ட்டூன் பாதியில் போய்விட்டதே என்று கோபம் வரும்தான். ஆனால் டிஷ் கெட்டுப்போகவில்லை குட்டீஸ். விண்ணிலிருந்து வரும் குட்டி அலைகளை மழை தின்றுவிடுகிறது. அவற்றைவிடக் குட்டியான அலைகளை 1895-லேயே உருவாக்கியவர் ஓர் இந்தியர். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்காமல், வங்காள மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் வீட்டுப் பையன்தான் பக்கத்தில் உட்காரும் நண்பன்!

இங்கிலாந்தில் படித்து முடித்து, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார் போஸ். வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. அந்தச் சம்பளம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வீட்டிலோ அப்பாவின் கடன் கழுத்தை நெரித்தது. அப்படியும் மூன்று ஆண்டுகள் பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்து, பழைய பாக்கியோடு முழுச் சம்பளமும் கொடுத்தது.

கல்லூரியில் அவருக்குச் சரியான ஆய்வுக்கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை, உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர், அவ்வளவுதான். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தைக்கூட ஆராய்ச்சிக் கருவியாக்கிவிட்டார்! மற்றவர்கள் மீட்டர் கணக்கில் நீண்ட ரேடியோ அலைகளோடு மல்லுக்கட்டியபோது, போஸ் வெறும் 5 மில்லிமீட்டர் அலையை உண்டாக்கினார். அது நொடிக்கு 6,000 கோடி முறை அதிரும். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியே இல்லாமல் சுவரைத் தாண்டி அலையை அனுப்பி, மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார்.

சுவரைத் தாண்டிய அலைக்கு மழை எப்படித் தடையாகும்? மழைத்துளி ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை இருக்கும். போஸின் அலையும் ஏறக்குறைய அதே அளவு! ஒவ்வொரு துளியும் அலையில் கொஞ்சத்தை உறிஞ்சும். கொஞ்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். கொட்டும் மழையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அலையின் பலத்தில் பெரும்பகுதி காலி. இந்த அலையைக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் விடாது, அதுவும் உறிஞ்சும். டிஷ் அலை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்பதால் தூறலைச் சமாளித்துவிடும்; அடைமழையில்தான் திணறும். பழைய ரேடியோவின் மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். மழையைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பியதும் நீண்ட அலைகளைத்தான். அப்புறம் எல்லோரும் அதன் பின்னால் ஓட, குட்டி அலையைப் பல ஆண்டுகள் பெரும்பாலோர் மறந்தே போனார்கள். போஸும் செடிகளின் உணர்வை ஆராயப் போய்விட்டார். 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார்.

இன்று அந்தக் குட்டி அலைகள் திரும்பி வந்துவிட்டன. ஏராளமான தகவலை நொடியில் சுமக்கும் என்பதால் இணைய இணைப்புகளில் பயன்படுகின்றன. ஆனால் கோபுரம் நடும் பொறியாளர்கள் முதலில் பார்ப்பது அந்த ஊரின் மழைக் கணக்கை. மழை வலுக்கும் ஊர் என்றால், கோபுரங்களை நெருக்கி நெருக்கி நட வேண்டியதுதான்!